ஆரம்பகால அமெரிக்கக் கதைகளில் வர்க்கமும் அந்நியமாதலும் கதை நடக்கும் இடத்தின் வழியே எப்படித் தெரிகின்றன?

ஒரு கதையை வைத்தே சொல்கிறேன்: ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய ‘பார்ட்டில்பி’.

நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் அலுவலகம். ஒரு பக்க ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர்; மறுபக்கம் பத்தடி தூரத்தில் கறுத்துப்போன செங்கல் சுவர். பத்திரங்களைக் கையால் நகலெடுக்கும் குமாஸ்தா பார்ட்டில்பிக்கு மூலையில் ஒரு மேசை, மறைக்க ஒரு பச்சைத் தட்டி. வக்கீல் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்க வேண்டும், ஆனால் அவன் வக்கீலின் கண்ணில் படக்கூடாது. வர்க்கம் இந்தக் கதையில் அந்தத் தட்டியாகத்தான் நிற்கிறது என்பேன்.

நகலெடுக்கக் கூலி நூறு சொல்லுக்கு 4 சென்ட். வண்டிக்காரர் ஒருவரின் பன்னிரண்டு வயது மகனும் வாரம் ஒரு டாலருக்கு அங்கே எடுபிடி. வக்கீலோ, பெரும் பணக்காரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தன்னைப் பாராட்டியதைச் சொல்லி மகிழ்கிறார்.

பிறகு பார்ட்டில்பி வேலைகளை ஒவ்வொன்றாக, மென்மையாக மறுக்கத் தொடங்குகிறான். கோபமும் இல்லை, கோரிக்கையும் இல்லை. ஆளரவமற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அந்த அலுவலகத்திலேயே குடியிருப்பதை வக்கீல் கண்டுபிடிக்கிறார். கதையில் என்னை அதிகம் உலுக்கிய இடம் அது. வேலை செய்யும் அறையைத் தவிர அவனுக்கு ஊரில் வேறு இடமே இல்லை.

வக்கீல் கெட்டவர் அல்ல. பணம் தருகிறார், தன் வீட்டுக்குக்கூட அழைக்கிறார். ஆனால் கடைசியில் அலுவலகத்தையே மாற்றிக்கொண்டு அவனை விட்டுப் போய்விடுகிறார். கட்டட உரிமையாளர் அவனை நாடோடி என்று பிடித்துக் கொடுக்க, சிறைக்குப் போகிறான். அங்கேயும் வக்கீல் காசு கொடுத்து நல்ல சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார். பார்ட்டில்பி சாப்பிட மறுத்துவிடுகிறான்.