ராகம் தேடும் மனசுக்கு

ஆறு மாதமாகக் கர்நாடக சங்கீதம் கற்ற பிறகு, ஆலாபனை (பாட்டுக்கு முன் ராகத்தை விரித்துப் பாடுவது) தொடங்கியதுமே ‘இது என்ன ராகம்’ என்று மனம் தேடப் போய்விடுகிறது, பாட்டே காதில் ஏறவில்லை என்கிறீர்கள். எனக்கும் இதே தொல்லை இருந்தது. நண்பனோடு பந்தயம் வேறு!

72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மோகன ராகத்தை மட்டும் ஒரு மாதம் கேளுங்கள். அப்புறம் அதன் ரிஷபத்தை (‘ரி’) ஷட்ஜமாக (‘ஸ’) வைத்துப் பாடிப் பாருங்கள். அதே ஐந்து ஸ்வரத்தானங்கள்தான், ஆனால் மத்தியமாவதி ராகம் வந்து நிற்கும். காந்தாரத்தை (‘க’) ஷட்ஜமாக வைத்தால் ஹிந்தோளம். கிரகபேதம் என்பது இதுதான். இலக்கணத்தால் கெட்டுப்போன என் ரசனையை மீட்டதும் இந்த இலக்கண விளையாட்டுதான்.

சரி, கச்சேரியில் பெயர் பிடிபடவில்லையா? விட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம்.