ஓம் விதி கேள்வி பதில்: வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதுமா?

வீட்டு கரண்ட் கணக்கு பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) ஓமில் வைத்துக்கொண்டு சப்ளை இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள்.

பிளஸ் 2 மாணவி: அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கிறது. ஓம் எவ்வளவு, வாட் எவ்வளவு?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. அதுதான் ஓம் விதி. இரண்டையும் பெருக்கினால் வாட். 230 ÷ 4.35, சுமார் 52.9 ஓம். 230 × 4.35, சுமார் 1000 வாட். இன்னொன்றும் கற்றுக்கொள்ளம்மா. வோல்டேஜ் 180க்கு இறங்கினால் வாட் என்ன ஆகும்? ஹீட்டர் கம்பியின் ஓம் பெரிதாக மாறாது, அதனால் கரண்ட் 180 ÷ 52.9. அதை 180ஆல் பெருக்கினால் 180 × 180 ÷ 52.9, அதாவது சுமார் 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைந்ததற்கே சூடு கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடுகிறது.

கீசர் வாங்கப் போகிறவர்: 2000 வாட் கீசர் எத்தனை ஆம்பியர்?

2000 ÷ 230, சுமார் 8.7. 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

இன்னொருவர்: 1500 வாட் கெட்டில்?

அதே வழிதான், 230ஆல் வகுங்கள்.

டிப்ளமோ மாணவர்: 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம் வருகிறது. கழற்றி மீட்டரில் வைத்தால் 40 ஓம்கூட இல்லை. ஓம் விதி பொய்யா?

பொய் இல்லை தம்பி. எரியும்போது இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்து நீ 529 எடுத்தாய். மீட்டரோ ஆறிக் கிடக்கும் பல்பை அளக்கிறது. டங்ஸ்டன் இழை எரியும்போது 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும், அந்தச் சூட்டில் அதன் ஓம் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில் பியூஸ் போவது ஏன் என்று யோசித்துப் பார். அந்த நொடியில் இழை ஆறியிருக்கும், வழக்கமான 0.43 ஆம்பியருக்குப் பதில் பல மடங்கு கரண்ட் பாயும், தேய்ந்த இடம் அறுந்துவிடும்.

இதைப் படித்த ஒருவர் குறுக்கே வந்தார்: அதெல்லாம் இல்லை சார், வீட்டில் வருவது ஏசி (திசை மாறி மாறிப் பாயும் கரண்ட்), மீட்டர் கொடுப்பது டிசி (ஒரே திசையில் பாய்வது). இழை காயில் மாதிரி சுற்றியிருப்பதால் ஏசியைக் காயில் தடுக்கும் இம்பீடன்ஸும் சேர்ந்து 529 ஆகிறது.

இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தச் சின்னச் சுருளின் காயில் குணம் 50 ஹெர்ட்ஸில் கணக்கில் சேர்க்கும் அளவுக்குக்கூட வராது. நம்பாவிட்டால் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை பைக் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். முழுக்க டிசி. எரியும்போது 1.75 ஆம்பியர், அதாவது ஏழு ஓமுக்குப் பக்கம். கழற்றி ஆறவிட்டு அளந்தால் ஒரு ஓம்கூட வராது. அடுத்து 6 வோல்ட் கொடுங்கள், கரண்ட் பாதியாகக் குறையாது, ஒரு ஆம்பியருக்கு மேலேயே நிற்கும். ஏசியே இல்லாத இடத்தில் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சூட்டிலிருந்துதான். எந்தப் பொருளோ அந்தப் பொருளின் வோல்ட், அதன் ஆம்பியர், இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை. அப்படி இருந்தால் ஓம் விதிக் கணக்கு தப்பாது.

எல்இடி கோர்ப்பவர்: 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்இடி, 20 மில்லி ஆம்பியர். 12 ÷ 0.02 = 600 ஓம் ரெசிஸ்டர் சரியா?

ரெசிஸ்டர் மேல் 12 வோல்ட் இல்லையே! எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 9. 9 ÷ 0.02 = 450, கடையில் 470 ஓம் கேளுங்கள். அதில் 0.18 வாட்தான் சூடாகும், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

தையல் கடைக்காரர்: உங்கள் கணக்குப்படி ஓம் கூடினால் கரண்ட் குறையும், சூடும் குறைய வேண்டும். அப்படியானால் லூசான பிளக் ஏன் கருகுகிறது?

நல்ல கேள்வி அண்ணே. அயர்ன் பாக்ஸுக்கு நேராக 230 வோல்ட் கிடைக்கிறது, அங்கே ஓம் கூடினால் வாட் குறையும். லூசான பின் அப்படி இல்லை, அது லோடோடு, அதாவது கரண்ட் இழுக்கும் சாதனத்தோடு, வரிசையில் நிற்கிறது. கரண்ட் எவ்வளவு என்று முடிவு செய்வது லோடு. எனவே அங்கே ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்க வேண்டும். பின்னில் அரை ஓம், ஓடுவது 10 ஆம்பியர் என்றால் 50 வாட். சாக்கெட்டுக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் எரிகிற சூடு அது! எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச்) விழவும் விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. பிளக் கையில் சுட்டால் அன்றைக்கே சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

விவசாயி: ஒரு எச்பி மோட்டார் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 1610, ஆனால் ஒரு எச்பி 746 வாட்தானே?

746 என்பது ஷாஃப்ட்டில் கிடைப்பது. சூடாகவும் உராய்வாகவும் போவதற்கும் சேர்த்துத்தான் மோட்டார் உள்ளே வாங்குகிறது. அதோடு மோட்டாரில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காது, பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் உண்மையான வாட் வரும். ஓம் கணக்கையும் மோட்டாருக்குப் போடாதீர்கள்.

வேறொருவர்: கீசர் ஓடும்போதே ஓம் அளக்கலாமா?

கூடாது! மீட்டர் போகும், கையும் போகலாம். எம்சிபியை இறக்கி, சப்ளை இல்லை என்று சோதித்து, வயரைக் கழற்றிய பிறகுதான் அளக்க வேண்டும். அது தெரியாது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரைச் செருகி சாக்கெட்டில் வைப்பதும் நேர் ஷார்ட்தான்.

இம்பீடன்ஸ் நண்பர் மறுபடி: அப்போ 9 வாட் எல்இடி பல்புக்கு 5878 ஓம் என்று எழுதலாமா?

வேண்டாம். உள்ளே எல்இடிக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் பல பல்புகள் கரண்டைக் கூட்டி இழுக்கும். இண்டிகேட்டர் பல்பு சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள், பேசலாம்.