அரை கிரவுண்டுக்குள் நின்று 250 அடி ஆழத்தைப் பார்க்க முடியாது

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் அரை கிரவுண்டில் வீடு. 45 அடி போரில் இரண்டு வருஷமாக உப்புக் கரிக்கிறது. போர் ஏஜென்ட் கூட்டிவந்தவர் எங்கள் மனைக்குள்ளேயே மெஷின் வைத்துப் பார்த்து, 250 அடியில் நல்ல தண்ணீர் என்கிறார். ரெசிஸ்டிவிட்டி, சீஸ்மிக், ரேடார் மூன்றும் சேர்ந்த 'பேக்கேஜ்' சர்வே 35,000 ரூபாய், அப்போதுதான் உறுதி என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

முதலாமவர் கணக்கை டேப் வைத்தே சோதிக்கலாம். ரெசிஸ்டிவிட்டியில் இரண்டு வெளிக்கம்பிகள் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் விட்டு, நடுவில் உள்ள இரண்டு கம்பிகளில் மின்னழுத்தத்தை அளக்கிறோம். வெளிக்கம்பிகளுக்கு இடையே உள்ள நீளத்தில் சுமாராக ஐந்தில் ஒரு பங்கு ஆழம்தான் தெரியும். 20க்கு 60 மனைக்குள் கம்பி அடித்தால் பன்னிரண்டு அடி. 250 அடி பார்க்க ஏறக்குறைய 1,300 அடி நேர்க்கோடு வேண்டும். காலடிப்பேட்டைத் தெருவில் அதற்கு எங்கே போவது? கிடைத்தாலும் மெட்ரோவாட்டர் குழாய், மின்வாரியக் கேபிள், வீட்டு எர்த்திங் எல்லாம் ரீடிங்கைக் கெடுக்கும். கம்பியே அடிக்காமல் செல்போனில் கலர் படம் காட்டும் கருவி என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பேக்கேஜ்காரரிடம் சரக்கு உண்டு, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் சொல்லாது. சீஸ்மிக்கில் சுத்தியலால் இரும்புத் தகட்டை அடித்து, அதிர்வு மண்ணுக்குள் போகும் வேகத்தை அளப்பார்கள். நீர் நிறைந்த மணலில் அது நொடிக்கு 1,500 மீட்டர் வாக்கில் இருக்கும். நல்ல தண்ணீரானாலும் உப்புத் தண்ணீரானாலும் ஏறக்குறைய அதே வேகம்தான். பக்கத்தில் கன்டெய்னர் லாரி ஓடினால் அதுவும் குழம்பும். ரேடார் அலை களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் ஓரிரு மீட்டரிலேயே செத்துவிடும். குழாய் தேடத்தான் அது லாயக்கு.

ரெசிஸ்டிவிட்டியோடு இன்னொரு முறையைச் சேர்ப்பதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம்-மீட்டரில் சொல்வார்கள். நல்ல நீருள்ள மணல் சுமார் 20 ஓம்-மீட்டருக்கு மேல் காட்டும். கடல்நீர் ஏறிய மணல் 5க்குக் கீழே. சிக்கல் என்னவென்றால், கடலோரக் களிமண்ணும் அதே 5க்குக் கீழே காட்டும். 'கீழே உப்பு' என்று எழுதித் தருகிற அறிக்கையில் பாதி வெறும் களிமண்ணாக இருக்கலாம். களிமண்ணை ஊடுருவிக் கீழே போனால் நல்ல மணல் இருக்கவும் கூடும். இதைப் பிரிக்க ஐ.பி. என்ற அளவீடு உண்டு. மின்சாரத்தை நிறுத்தியதும் உப்பு மணலில் மின்னழுத்தம் சட்டென்று விழும், களி கலந்த மண்ணில் சற்று இழுத்து அடங்கும். உப்பு மிக அதிகமானால் இந்த வித்தியாசமும் மங்கும். நடுக்கம்பிக்குப் பதில் மயில்துத்தக் கரைசல் ஊற்றிய மண்பானை முனைகள் வைத்து அளக்கிறார்களா என்று பாருங்கள். இரும்புக் கம்பியிலேயே அளந்தால் அந்த எண்ணை அவ்வளவாக நம்ப முடியாது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு தகும். அரை கிரவுண்டுக்குத் தகாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவைச் சில நூறு ரூபாய்க்கு வாங்குங்கள். இரவெல்லாம் மோட்டாரை நிறுத்திவைத்து, காலையில் ஓடவிட்டு ஐந்து, முப்பது, அறுபது நிமிடங்களில் அளந்து எழுதுங்கள். 600இல் ஆரம்பித்து 1,800க்கு ஏறினால், கீழிருக்கும் உப்பை உங்கள் மோட்டாரே இழுக்கிறது என்று அர்த்தம். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் இருந்தால்தான் கீழே நாற்பது அடி வரை உப்பு விலகி நிற்கும். அந்த ஒரு அடியை உறிஞ்சினால் உப்பு மேலே வரும். இதற்கு மருந்து 250 அடி போர் அல்ல. ஆழத்தைக் குறைத்து, சின்ன மோட்டாரை நடுநடுவே நிறுத்தி ஓட்டுங்கள். மொட்டைமாடி மழைநீரை அங்கேயே இறக்குங்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே 3,000 என்றால் மேல் தண்ணீரே கெட்டுவிட்டது. அந்தப் போரை விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்து ஏழெட்டுப் போர்களின் ஆழத்தையும் டி.டி.எஸ்.ஸையும் ஒரு தாளில் எழுதினால், 35,000 ரூபாய் அறிக்கையைவிட அது பேசும்.

தெருவுக்குத் தெரு இத்தனை போர் போட்டும், எந்த அடியில் என்ன மண் வந்தது என்று குறித்துவைக்க ஆளில்லை. சென்னையில் கிணறு தோண்ட முன் அனுமதி வேண்டும் என்று 1987லேயே சட்டம் வந்தது. போர் வண்டி இன்றும் ராத்திரியில்தான் வருகிறது.

கட்டாயம் புதுப் போர்தான் என்றால், அனுமதி வாங்கி, பத்தடிக்கு ஒரு பிடி மண்ணை எடுத்துச் சாக்கில் வரிசையாகக் கொட்டச் சொல்லுங்கள். கேசிங் இறக்கும் முன் குழிக்குள் மின்கருவி இறக்கி, அடி அடியாக மண்ணை அளக்கும் லாகிங் எடுக்க வேண்டும். சர்வேக்கு வைத்திருந்த பணத்தை இதற்குக் கொடுங்கள். தண்ணீர் உள்ளே வரக் கீறல் போட்ட ஸ்லாட் பைப்பை நல்ல மணல் உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். குழி உப்பில் இறங்கிவிட்டால் அடியிலிருந்து சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். இல்லையேல் உங்கள் போர் வழியாகவே உப்பு ஏறிப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரும் போகும். அடிக்கணக்கில் கூலி வாங்குகிற ஏஜென்ட் இதற்கு முகம் சுளிப்பார். முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.