வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் பரிமாற்றப் படிப்புக்குப் போக, திட்டமிடலை எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடுங்கள். பலரும் முதலில் நாட்டைத்தான் தேர்வு செய்கிறார்கள். என்னைக் கேட்டால் பாடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே படித்தது இங்கே கணக்கில் வராவிட்டால், திரும்பி வந்து மறுபடியும் தேர்வு எழுத வேண்டியதுதான்.

ஐரோப்பாவுக்குப் போவதாக இருந்தால், படிப்பின் அளவைக் கணக்கிடும் அங்குள்ள கிரெடிட் முறையில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. எந்தப் பாடத்துக்கு ஈடாக எது என்று பாடத்திட்டங்களை ஒப்பிட்டு, ‘லேர்னிங் அக்ரிமென்ட்’ (அங்கே படிக்கும் எந்தப் பாடங்கள் இங்கே கணக்கில் வரும் என்ற ஒப்பந்தம்) படிவத்தில் கிளம்புவதற்கு முன்பே இரு பல்கலைக்கழகங்களின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கூடவே இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களுக்கும் ஒப்புதல் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு பாடத்தில் இடம் நிரம்பியிருக்கும், அல்லது இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் வரும். இது ரொம்ப சகஜம். பேராசிரியர் வாயால் சொல்லும் ‘சரி’ போதாது, மின்னஞ்சலில் வரட்டும்.

பணம்? இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் கட்டணத்தைச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டினால் போதும். வாடகை, காப்பீடு, பயணம் எல்லாம் உங்கள் தலையில்தான். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த உடனே விடுதிக்கு விண்ணப்பியுங்கள்.

அப்புறம் விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். செமஸ்டர் அதைத் தாண்டும் என்பதால் நீண்டகால விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.