பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்க்கும் நிலையம் நடத்துபவர்கள் வெளிநாடு போய்க் கற்றுவருவதில் பயன் உண்டா?

கேட்டிருப்பது இது: "பள்ளி நேரம் முடிந்தபின் பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வேறு நாட்டு நிலையங்களில் சில நாள் இருந்துவிட்டு வரும் பரிமாற்றப் பயணத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். போய் வந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்."

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் பயணத்தில் கொண்டுவந்தது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது பயணத்தில் கொண்டுவந்த ஒரு கதிரை இன்னும் எங்கள் நிலையத்தில் இருக்கிறது. கதிரையைத் தூக்கி வரவில்லை, அதைப் போட வேண்டும் என்ற யோசனையைத்தான் கொண்டுவந்தோம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வெளியே ஓர் ஆரம்பப் பள்ளியின் எஸ்.எஃப்.ஓ.வுக்கு, அதாவது பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளைப் பார்க்கும் நிலையத்துக்கு, நான் பொறுப்பாளர். 1997இல் இங்கே பள்ளி தொடங்கும் வயதை 7இலிருந்து 6ஆகக் குறைத்தார்கள். 1999 முதல், 1ஆம் வகுப்பிலிருந்து 4ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முன்னும் பின்னும் இப்படி ஓர் இடம் நடத்துவது ஒவ்வொரு நகரசபைக்கும் சட்டப்படி கடமை. எங்கள் பள்ளி ஒன்றரை மணிபோல முடியும். பெற்றோர் நாலரை வரை வந்து கூட்டிப் போவார்கள். அந்த இடைப்பட்ட நேரம் எங்களுடையது. வேலை கிடைத்த புதிதில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "என்ன, ரியூசனோ?" என்று கேட்டார். இல்லை அம்மா, விளையாட விடுகிறது என்றேன். "அதுக்குச் சம்பளமும் தருகினமோ?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

2019 இலையுதிர்காலத்தில் சுவீடனுக்குப் போனேன், தனியாக. எங்கள் துறையில் சுவீடனுக்குப் பெரிய மரியாதை உண்டு. அங்கே இப்படியான நிலையத்தை ஃபிரிடிட்ஸ் என்று சொல்வார்கள். 2016இல் அவர்களுடைய தேசியப் பாடத்திட்டத்தில் அதற்கென்றே தனிப் பகுதி எழுதினார்கள். அதில் ஆசிரியராக வர மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறது. 2019 நடுவிலிருந்து அதற்கான உரிமச் சான்றிதழும் வேண்டும் என்றாகிவிட்டது. நோர்வேயில் எங்கள் வேலைக்குப் பட்டம் கட்டாயம் இல்லை. எஸ்.எஃப்.ஓ. எப்படி இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சொல்லும் சட்டகத் திட்டமே 2021 ஆகஸ்டில்தான் வந்தது. ஆகவே, மூத்த அண்ணன் வீட்டுக்குப் போகும் தம்பி மாதிரித்தான் ரயிலேறினேன்.

நல்ல மனிதர்கள். எல்லாவற்றையும் காட்டினார்கள். நான் இருநூறு படம் எடுத்தேன். பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருந்த தாள்கள். அவர்களுடைய வாராந்தத் திட்டப் படிவத்தையும் வாங்கி வந்தேன். என்ன செய்யப்போகிறோம், ஏன், பிள்ளைகள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், அடுத்த கிழமை எதை மாற்றலாம் என்று நாலு கட்டம். அழகான படிவம். திரும்பி வந்து ஊழியர் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் படம் காட்டி விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நத்தாருக்கு முன்பே ஒருவரும் அந்தப் படிவத்தைத் தொடுவதில்லை.

சில காலம் என் ஊழியர்கள்மேல்தான் கோபமாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே அந்த ஆசிரியருக்குத் திட்டமிடுவதற்கென்றே சம்பளத்தோடு நேரம் இருந்தது. என்னிடம் இருப்பவர்களில் பாதிப்பேர் அரைநேர ஊழியர்கள். வேலைக்கு வந்து மேலங்கியைக் கழற்றும்போதே முதலாவது பிள்ளை "என் கையுறையைக் காணவில்லை" என்று வந்து நிற்கும். நான் படிவத்தைக் கொண்டுவந்தேன், அதற்குப் பின்னால் இருந்த நேரத்தைக் கொண்டுவரவில்லை. கொண்டுவர எனக்கு அதிகாரமும் இல்லை.

அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்றது.

2023இல் டென்மார்க் வாய்ப்பு வந்தபோது, என்னோடு ஓர் உதவியாளரும் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அவரை இங்கே அக்கா என்றே சொல்கிறேன், வேலைத்தலத்திலும் அப்படித்தான் கூப்பிடுவேன். இருபது வருடமாகப் பிள்ளைகளோடு நிற்பவர். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டார். "என்னை ஏன் தங்கச்சி கூட்டிக்கொண்டு போறீர், நான் என்னத்தைப் படிச்சனான்?" என்றார். இரவுக் கப்பலில் போனோம். சாப்பாட்டு விலையை முன்கூட்டியே பார்த்துவைத்திருந்த அக்கா புட்டும் சம்பலும் கட்டி வந்திருந்தார். பரிமாற்றத்தின் சிறந்த பகுதி அதுதான் என்று நான் சொன்னால் நிதி கொடுத்தவர்கள் கோபிப்பார்கள்.

நிதி எப்படி என்று கட்டாயம் கேட்பீர்கள், அதனால் இடையில் அதையும் சொல்கிறேன். நாங்கள் போனது ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இதில் பங்கெடுக்கிறது. இந்தத் திட்டத்தின் பள்ளிக் கல்விப் பிரிவில் ஆசிரியர்கள் மட்டுமல்ல, பள்ளியில் வேலை செய்யும் மற்ற ஊழியர்களும் போகலாம். இது பலருக்குத் தெரியாது. தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளியோ நகரசபையோதான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தடவை கேட்பவர்களுக்குக் குறுகிய காலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது: 6 முதல் 18 மாதம், அதிகபட்சம் 30 பேர். வேலையிடத்தில் கூடநின்று பார்ப்பது என்றால் 2 நாளிலிருந்து 60 நாள் வரை போகலாம். பயணத்துக்கும் நாட்செலவுக்கும் தூரத்தையும் நாட்டையும் பார்த்து ஒரு தொகை கணக்கிட்டுத் தருவார்கள். நோர்டிக், பால்டிக் நாடுகளுக்குள் மட்டும் என்றால் நோர்ட்பிளஸ் என்றும் ஒன்று உண்டு. எங்கள் கையைக் கடித்தது பயணச் செலவு இல்லை, நாங்கள் இல்லாத நாட்களில் வேலைக்கு நிறுத்திய பதில் ஆட்களின் சம்பளம்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. இலையுதிர்கால விடுமுறை ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு கிழமையில் வருகிறது. ஒஸ்லோப் பக்கம் வருடத்தின் 40ஆவது கிழமை, டென்மார்க்கில் 42, சுவீடனில் 44. எங்கள் விடுமுறைக் கிழமையில் பிள்ளைகள் குறைவு, ஆனால் அங்கே வழக்கமான நாட்கள். இதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

சரி, டென்மார்க். முதல் நாள் காலையிலேயே பொறுப்பாளர் என்னை அலுவலகத்துக்குள் கூட்டிப் போய்க் கோப்பி தந்து உட்கார வைத்துவிட்டார். பொறுப்பாளரோடு பொறுப்பாளர் பேசுவது. வரவுசெலவு, ஆள் பற்றாக்குறை, 2014இல் பள்ளி நேரத்தை நீட்டிய சீர்திருத்தம் வந்து தங்கள் பிற்பகலைத் தின்ற கதை. எல்லாம் சுவாரசியம்தான், ஆனால் இதையெல்லாம் நான் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். அக்காவை அவர்கள் நேரே முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மொழியும் ஒரு கூத்து. நோர்வேஜியன் தெரிந்தவர் டேனிஷ் எழுத்தை வாசித்துவிடலாம், காதால் கேட்டால்தான் கஷ்டம். அதுவும் எண்கள்! ஐம்பதை அவர்கள் இரண்டரை இருபது என்ற கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை அக்காவிடம் எத்தனை ஆணி வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர் விழித்ததைப் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணிக் கையில் வைத்ததாம்.

அன்று இரவு விடுதி அறையில் அக்கா சொன்னார்: "தங்கச்சி, ஒண்டு கவனிச்சனீரோ? அங்கை அந்த மரவேலைப் பக்கம் நிக்கிற மனிசி நாள் முழுக்க ஒரு கதிரையிலை இருக்கிறா. பிள்ளையள்தான் அவவிட்டை வருகுதுகள். நாங்கள் நாள் முழுக்க நடக்கிறம்."

உண்மைதான். எங்கள் நிலையத்தில் பெரியவர்கள் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, கையில் பட்டியலோடு, முற்றத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எண்ணுவது, அதட்டுவது, மூன்றரைக்குத் தனியாக வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளையைத் தேடுவது. ஒரு பிள்ளை பேச நினைத்தால் எங்களோடு ஓட வேண்டும். நான் பத்து வருடம் பொறுப்பாளராக இருந்தும் இதை ஒரு பிரச்சினையாகப் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த எனக்கு அங்கேயும் இது தெரிந்திருக்காது.

மற்றொரு நாள் மாலை எம்ட்ரப் பக்கம் போனோம். கோபன்ஹேகனின் வடமேற்கில் இருக்கிறது. சி. டி. சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர், தான் ஒழுங்காக அமைத்துக் கொடுத்த விளையாட்டிடங்களைவிடக் கட்டடம் கட்டும் இடங்களில் கிடக்கும் பலகையிலும் கல்லிலும்தான் பிள்ளைகள் நன்றாக விளையாடுகிறார்கள் என்று கவனித்தவர். 1943இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, எம்ட்ரப்பில் பழம்பலகையும் கழிவுப் பொருட்களும் போட்டு முதலாவது 'குப்பை விளையாட்டிடம்' திறந்தார்கள். 1946இல் மார்ஜரி அலன் என்ற ஆங்கிலேயப் பெண் அதை வந்து பார்த்தார். திரும்பிப் போய், குண்டு விழுந்து தரைமட்டமான லண்டன் இடங்களில் இப்படிச் செய்யலாம் என்று விடாமல் வாதாடினார். பிரிட்டனில் அது பரவியது. அங்கிருந்து ஜப்பான் வரைக்கும் போனது. டோக்கியோவின் செதகாயாவில் ஹனேகி பூங்காவில் 1979இல் திறந்த விளையாட்டிடம் அந்த வழியில் வந்ததுதான். எங்கள் துறையில் வெளிநாட்டுப் பயணத்தால் ஏதாவது நடந்ததா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று: எம்ட்ரப்பில் பலகை மட்டும் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்து ஜோன் பெர்டெல்சன் என்றொரு ஆள் அங்கே பிள்ளைகளோடு இருந்தார். முன்பு கப்பலில் வேலை செய்தவர், பிறகு சிறுவர் கல்வி படித்தவர். பலகையைப் படம் எடுப்பது சுலபம். அந்த ஆள் என்ன செய்கிறார் என்பது படத்தில் விழாது.

திரும்பி வந்தபின் இந்தத் தடவை நான் படம் காட்டவில்லை. அக்கா தச்சு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து துண்டுப் பலகை கேட்டு வாங்கினோம். மஞ்சள் அங்கிக்காரர் இருவர் மட்டும் சுற்றுவது, மற்றவர்கள் ஆளுக்கோர் இடத்தில் இருப்பது என்று ஆக்கினோம். முதல் கிழமையே ஒரு பிள்ளை சுத்தியலால் பெருவிரலில் அடித்துக்கொண்டது. அப்பா வந்து சத்தம் போட்டார். சக ஊழியர் ஒருவர், "உட்கார்ந்திருக்கச் சம்பளமா?" என்றார். எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. அக்கா வாதாடவில்லை. "நீ வந்து ஒரு நாள் இதிலை இருந்து பார்" என்று கதிரையைக் காட்டினார். நான் சொல்லியிருந்தால் அது மேலிடத்து உத்தரவாகியிருக்கும். ஏழெட்டு மாதத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் தினமும் வந்து அவர் பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டு வீட்டுக் கதையெல்லாம் சொல்லத் தொடங்கினான்.

ஆகவே, போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். ஒரே ஓர் இடம்தான் கிடைக்கிறது என்றால் உங்களுக்குப் பதில் உங்கள் உதவியாளரை அனுப்புவதைப் பற்றியும் யோசியுங்கள். கஷ்டமான யோசனைதான், எனக்கும் மனம் வந்திருக்காது. விண்ணப்பத்தில் 'தலைமைத்துவம்' என்று எழுதினால்தான் எடுபடும் என்று நினைப்போம். நாங்கள் நேராக, பிள்ளைகளோடு நிற்பவரைக் கூட்டிப் போகிறோம், அவர்தான் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் காட்டப்போகிறார் என்று எழுதினோம். கிடைத்தது.

வரவேற்கும் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதும்போது, சுற்றிக் காட்ட வேண்டாம், ஏதாவது ஒரு வேலை கொடுங்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் வகுப்பிலிருந்து வந்து சேரும் அரை மணி, பெற்றோர் வந்து கூட்டிப் போகும் ஒரு மணி, இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள். விருந்தாளிக்கு மதியம் ஒரு மணிக்குக் காட்டும் நிலையமும் பின்னேரம் நாலு மணி நிலையமும் வேறு வேறு. பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள், அது வரக் கிழமைகள் ஆகும், நேரத்தோடு எடுத்துவையுங்கள். பிள்ளைகளின் முகம் விழும்படி படம் எடுக்காதீர்கள். எடுத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், என்னிடம் இருநூறு கிடக்கிறது.

போன வருடம் அந்த டென்மார்க்காரர்கள் இரண்டு பேர் எங்களிடம் வந்தார்கள். நாங்கள் பெருமையாகக் காட்ட நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, 12 மணி நேர இலவசத்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். 2022இல் 1ஆம் வகுப்புக்குக் கிழமைக்கு 12 மணி நேரம் இலவசமாக்கினார்கள், அடுத்த வருடம் 2ஆம் வகுப்புக்கும், அதற்கடுத்து 3ஆம் வகுப்புக்கும். அதுவரை கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் இருந்த பிள்ளைகள் எங்கள் முற்றத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதில் எங்கள் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் குறிப்பெடுத்தது அதைத்தான்.

போகும் நாளன்று அக்காவின் கதிரையைப் பார்த்து, "இது என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டார். உங்களிடம் கற்றதுதான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தச்சு மேசையில் நாங்கள் பார்த்த அந்தப் பெண்ணுக்கு அந்த மாதம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததாம். இப்போது அவரும் நடந்துகொண்டுதான் இருக்கிறாராம். அக்காவிடம் சொன்னேன். "அப்பிடியே? பாவம்," என்றுவிட்டு, உட்கார்ந்தபடியே அடுத்த பலகையை எடுத்தார்.