வாசகர் கேள்வி: துடுப்புப் பிடித்த படையணி

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போரில் மீனவர்கள் நிறைந்த காலாட்படை இருந்ததாமே, உண்மையா?
– வாசகர், கல்லடி

பதில்: உண்மைதான் தம்பி. மசாசூசெட்ஸின் மார்பிள்ஹெட் என்ற மீனவர் ஊரவர்கள் நிறைந்த 14ஆவது கொண்டினென்டல் (அமெரிக்க விடுதலைப் படை) படையணி. தலைவர் ஜோன் குளோவர். 1776 ஓகஸ்ட் 29 இரவு, புரூக்ளினில் மாட்டிக்கொண்ட அமெரிக்கத் தளபதி வாஷிங்டனின் ஏறத்தாழ 9,000 பேரை மன்ஹாட்டன் கரை சேர்த்தவர்களில் முன்நின்றவர்கள் இவர்கள்தான். சத்தம் எதிரியான பிரித்தானியப் படைக்குக் கேட்காதிருக்கத் துடுப்புகளில் துணி சுற்றினார்கள். நான் அப்பாவோடு மட்டக்களப்பு வாவியில் இரவுத் தொழிலுக்குப் போனவன். துடுப்பு தோணி விளிம்பில் ஒருதரம் தட்டினாலே அக்கரையில் நாய் குரைக்கும். அதனால் இந்த இடத்தில் எனக்கு மெய் சிலிர்க்கும். அப்புறம் டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதந்த டெலவெயர் ஆற்றில் வாஷிங்டனின் 2,400 பேரை அக்கரை சேர்த்தார்கள். மறுநாள் ட்ரென்டனில் வெற்றி. ஆண்டு முடிவோடு வீரர்களின் சேவை ஒப்பந்தம் முடிய, படையணி கலைந்தது.