கோலாலம்பூரில் ஒரு பகல்: குழந்தைகளோடும் மூட்டுவலி உள்ள அம்மாவோடும்

கேள்வி: சென்னையிலிருந்து மெல்பர்ன் போகிறோம். நான், மனைவி, 10 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா. கோலாலம்பூரில் காலை 7 மணிக்கு இறங்கி, இரவு 10.30-க்கு அடுத்த விமானம். இரண்டும் ஒரே டிக்கெட்டில்தான். பத்துமலை, இரட்டைக் கோபுரம், பறவைப் பூங்கா, முடிந்தால் கெந்திங் ஹைலண்ட்ஸ் பார்க்க ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. ஊருக்குள் போகலாமா, விமான நிலையத்திலேயே இருந்துவிடலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கெந்திங் மலைக்கு ஊரிலிருந்தே போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். பறவைப் பூங்கா அருமையான இடம்தான், ஆனால் வெயிலில் நிறைய நடக்க வேண்டும். இந்தப் பயணத்தில் இரண்டும் வேண்டாம்.

நேரத்தை எண்ணும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 7 மணிக்கு நீங்கள் இறங்கும்போது பிள்ளைகளின் உடம்புக்கு அது விடிகாலை நாலரை. இரவு சரியாகத் தூங்கியும் இருக்க மாட்டார்கள். அதனால் மதியத் தூக்கத்துக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். ஊர் பார்ப்பது அதற்கு முன்னும் பின்னும்.

புறப்படும் முன் மூன்று வேலை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் நுழையும் சலுகை 2023 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணைய வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லி வையுங்கள். அவ்வளவு பெரிய நிலையத்தில் அவர் நடந்து களைத்துவிட்டால் அன்றைய பகல் முழுக்கக் கஷ்டம்.

சென்னையில் பெட்டிகளைப் போடும்போதே மெல்பர்ன் வரை சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். கைப்பையில் ஆளுக்கு ஒரு மாற்று உடை, மருந்துகள், ஒரு குடை இருந்தால் போதும்.

சரி, எட்டரை மணிக்கு வெளியே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பத்துமலைக்கு கிராப் செயலியில் ஆறு பேர் உட்காரும் காராகப் பிடியுங்கள். விமான நிலையம் நகருக்குத் தெற்கே செப்பாங்கில், பத்துமலை நகருக்கு வடக்கே. ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும், காலை நெரிசலில் இன்னும் கூடலாம். பிள்ளைகள் காரிலேயே ஒரு தூக்கம் போட்டுவிடுவார்கள்.

பத்துமலையில் குகைக் கோயிலுக்கு 272 படிகள், நல்ல செங்குத்து. அம்மா ஏற வேண்டாம். இதை அவரிடம் சென்னையிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால், முருகனைப் பார்க்காமல் வருவதா என்று ஏறத்தான் பார்ப்பார். கீழேயும் தரிசனத்துக்குக் குறைவில்லை. 2006-இல் எழுப்பிய 140 அடி முருகன் சிலை தரைமட்டத்தில்தான் நிற்கிறது. அடிவாரத்தில் வேறு சன்னிதிகளும் உண்டு. நீங்களோ மனைவியோ மகளை அழைத்துக்கொண்டு மேலே போங்கள், மற்றவர் கீழே இருக்கட்டும். மகன் அடம்பிடித்தால் அவனையும் கூட்டிப் போகலாம், ஆனால் கையை விடக் கூடாது. குரங்குகள் அதிகம். பிளாஸ்டிக் பை, தின்பண்டம், தண்ணீர்ப் புட்டி எதையும் கையில் தொங்கவிடாதீர்கள். முழங்கால் மூடிய உடை அவசியம். உங்கள் தேதி தைப்பூசத்தை ஒட்டி வந்தால் இந்தப் பக்கமே வேண்டாம். லட்சக்கணக்கில் கூட்டம் திரளும், அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

பதினொன்றரைக்குக் கிளம்பி, நகரின் ‘லிட்டில் இந்தியா’வான பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேருங்கள். வாழையிலைச் சாப்பாடு, சைவ உணவகம் எல்லாம் அங்கே உண்டு. அம்மா வாய்க்கு ஒத்த ரசமும் மோரும் கிடைக்கும். பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம். அதை ஒட்டிய ஹோட்டல் ஒன்றில் பகலுக்கு மட்டும் ஓர் அறையை முன்கூட்டியே பேசி வையுங்கள். இதற்கு ஆகும் பணத்தை வீண் என்று நினைக்காதீர்கள். குளித்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தால்தான் இரவு விமானத்தை அம்மாவால் தாங்க முடியும். பிற்பகலில் அங்கே இடி மழை சகஜம், அதுவும் இந்த நேரத்தில் கழிந்துவிடும்.

மூன்றரைக்கு எல்ஆர்டி எனும் நகர ரயிலில், இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி போங்கள். கிளானா ஜெயா தடம், மாற வேண்டியதில்லை, கால் மணி நேரம்தான். இறங்கும் நிலையத்திலிருந்தே சூரியா கேஎல்சிசி வணிக வளாகத்துக்குள் போய்விடலாம், மழை என்றாலும் நனைய மாட்டீர்கள். 452 மீட்டர் கோபுரத்தின் மேலே போக டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குறிப்பிட்ட நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும், திங்கட்கிழமை மூடியும் இருக்கும். பின்னால் உள்ள பூங்காவில் நின்று பார்த்தால் இரண்டு கோபுரங்களும் முழுசாகத் தெரியும். பிள்ளைகள் ஓடியாட விளையாட்டுத் திடலும் அங்கே உண்டு. மழை விடவில்லையா, அருகிலுள்ள அக்வேரியா மீன் காட்சியகத்துக்குப் போங்கள்.

ஐந்து மணிக்கு அங்கிருந்து புறப்பட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ரயிலில் அலுவலகக் கூட்டம், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். காலையில் காரில் வந்தாலும், விமான நிலையத்துக்குத் திரும்பும்போது கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில்தான். பெரியவர்களுக்கு 55 ரிங்கிட், பிள்ளைகளுக்கு 25 என்று வைத்தால் ஐந்து பேருக்கு 215 ரிங்கிட். கார் இதைவிடக் குறைவுதான். ஆனால் மாலை நெரிசலில் சிக்கினால் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயில் முதல் முனையத்துக்கு 28 நிமிடத்தில் போய்விடும், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். உங்கள் விமானம் எந்த முனையத்தில் என்று டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எப்படியும் ஏழு மணிக்குள் உள்ளே போய், அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை மறுபடி கேட்டு வாங்கிவிடுங்கள்.